மூன்றில் நின்ற கோடு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யார் காலிலும் விழுந்து நம்பச் சொல்லவில்லை. நடந்தது எனக்கு. அதுவும் பட்டப்பகலில்.

நாங்கள் செய்த பொருளில் பிளாட்டினம் அணுக்கள் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன என்பது எங்கள் பேராசிரியரின் பெருமை. எக்ஸ் கதிர் உறிஞ்சல் டேட்டாவோடு கணக்கு வளைவைப் பொருத்தி அதை நான் நிரூபிக்க வேண்டும். வரைபடத்திலோ அணுவிலிருந்து இரண்டரை ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்கு மேல் ஒரு மேடு. பக்கத்திலேயே இன்னொரு பிளாட்டினம் இருந்தால்தான் அப்படி வரும்.

"இரண்டேகாலோட வெட்டிடும்மா. அதுக்கு மேல பொருத்தவே வேண்டாம்" என்றார் பேராசிரியர். வெட்டினால் மேடு கணக்கிலேயே வராது. கட்டுரை வெளிவரும். எனக்கு முனைவர் பட்டம்.

ஜன்னல் இல்லாத கணினி அறை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மௌஸ் இடது பக்கம் கிடந்தது. எவன் வேலையோ என்று முணுமுணுத்தபடி வலது பக்கம் மாற்றினேன். எதுவரை பொருத்துவது என்று திரையில் காட்டும் எல்லைக் கோட்டை இரண்டேகாலுக்கு இழுத்தேன்.

டக் டக்… டக்.

கோடு மூன்றில் நின்றது.

மறுபடி இழுத்தேன். மறுபடி மூன்று. வேறு கணினியிலிருந்து யாரோ விளையாடுகிறார்கள் என்று நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன். அப்படியும் மூன்று. இழுத்து வைத்த கையோடு மௌஸ் வயரையும் பிடுங்கினேன்.

மணி 1.20.

டக் டக்… டக்.

கோடு தானாக மூன்றுக்கு நகர்ந்தது. சத்தம் இடது பக்கத்திலிருந்து வந்தது. அங்கே வெறும் மேசை.

பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

"யாரா இருந்தாலும் பூச்சாண்டி காட்டாத. மேடு இருக்குன்னு எனக்கும் தெரியும்."

சத்தம் நின்றது.

தெரிந்தேதான் வெட்ட உட்கார்ந்திருக்கிறேன்… சொன்ன பிறகே உறைத்தது. வயரைச் செருகினேன். மூன்று வரை பொருத்தினேன். பக்கத்துப் பிளாட்டினத்தைச் சேர்த்ததும் வளைவு டேட்டாவின் மேல் அப்படியே படிந்தது.

பேராசிரியர் வந்து பார்த்தார். பட்டம் வேண்டாமா என்று கேட்டார்.

"வேணும் சார். இத வெச்சுத்தான் வேணும்."

முறைத்தார். தானே மௌஸைப் பிடித்துக் கோட்டை இழுத்தார்.

டக் டக்… டக்.

அவர் விரல் அசையவில்லை. கோடு மூன்றுக்குப் போனது. முகம் வெளிறி, மௌஸை விட்டுவிட்டு வெளியேறினார். அந்தக் கட்டுரை இன்றுவரை பத்திரிகைக்குப் போகவில்லை. பட்டமும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

மறுநாள் எங்கள் ஆய்வகத்து டெக்னீசியன் அண்ணனிடம் விசாரித்தேன். எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த மாணவர் இடது கைக்காரராம். சார் சொன்னபடியே வெட்டிக்கொடுத்துப் பட்டம் வாங்கியவர். அதன் பிறகு விபத்து.

"ஆஸ்பத்திரில கடைசி வரைக்கும் பேச்சே இல்லம்மா. இடது கை விரல் மட்டும் கட்டில் கம்பிய தட்டிட்டே இருந்துச்சு."

எப்படி என்று நான் கேட்கவில்லை. அண்ணனே மேசையில் தட்டிக் காட்டினார்.

டக் டக்… டக்.