கூத்தபிரான் ஏறவிருந்த பட்டாள லாரி

எங்கள் ஊரான கோவில்பதாகையில் சிவாலயத்துக்குத் தேர் இல்லை. மார்கழித் திருவாதிரையன்று கூத்தபிரான் வாடகை மினி லாரியில்தான் வீதியுலா வருவார். பதிகம் பாடிக்கொண்டு நான் பின்னால் நடப்பேன். சென்ற ஆண்டு அடுத்த வீட்டு மெக்கானிக் தம்முடைய பழைய பட்டாள லாரியைத் தர முன்வந்தார். சேக்காட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி ஓடவைத்தவர் அவர். நோயில் விழுந்த மனைவி எழுந்து நடந்தால் சுவாமியை அதில் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளும் எழுந்து நடந்துவிட்டார்.

உலாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மாலை கட்டும் பெண்களின் தலைவி வண்டியைப் பார்க்க வந்தார். பாளையங்கோட்டைக்காரர், பட்டாளத்துக்காரரின் மகள். தளப்பலகைக்கு அடியில் வரிசையாகத் தெரிந்த இரும்புச் சட்டங்களைக் குனிந்து பார்த்தவர் முகம் மாறி நிமிர்ந்தார்.

"இது பொணத்த அடுக்குத சட்டம்லா? எங்கப்பா சொல்லியிருக்காவ. இதுலயா சாமிய ஏத்தப் போறிய?"

மெக்கானிக் என்னிடம் ஓடி வந்தார். "அண்ணாத்தே, ஃபேக்டரில பட்டாள வண்டிய செக் பண்ணிகினு இருந்தது நீதான். நீயே பாத்து சொல்லு. பொண வண்டின்னா நானே திருப்பி ஓட்டிகினு பூடறேன்." சொல்லும்போதே அவர் கண் தம் வீட்டு வாசலில் நின்ற மனைவியின் பக்கம் போயிற்று.

சுடலைப் பொடி பூசி நள்ளிருளில் ஆடும் பெருமானுக்குப் பிணம் சுமந்த வண்டி ஆகாதா? ஆகும் என்றே ஆயுள் முழுவதும் பாடியிருக்கிறேன். ஆயினும் உற்சவரை அதன்மேல் எண்ணிப் பார்த்தபோது என் நெஞ்சே கூசியது. எதுவாயினும் உள்ளதை உள்ளபடியே சொல்வதென்று முடிவுசெய்து, திருநீறு அணிந்துகொண்டு வண்டியருகே சென்றேன்.

மூக்கு மழுங்கிய முகப்பு. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வெளியே நீண்டு, வணங்குவதுபோல் சாய்ந்திருந்தது. வானூர்தியில் வருபவன் கண்ணுக்குக் கண்ணாடி பளிச்சிடாதிருக்க, உலகப் போர்க்காலத்தில் செய்த ஏற்பாடு அது. ஓட்டுநர் இருக்கைக்கு எதிரேயிருந்த தகட்டில் பெயின்ட்டைச் சுரண்டியதும் 'கனடா' என்ற பெயர் தெரிந்தது.

"கனடாவா! அவ்ளோ தூரத்துலேர்ந்தா வந்துகீது?" என்றார் மெக்கானிக்.

"எங்கேர்ந்து வந்தா என்ன, எதைச் சொமந்துதுன்னு பாருங்க," என்றார் தலைவி.

சாக்கை விரித்து அடியில் நுழைந்தேன். சட்டங்கள் நேராக இல்லை. ஒவ்வொன்றும் நடுவில் பிறைபோல் குழிந்திருந்தது. பலகை சமமாக உட்கார, மெக்கானிக் அந்தக் குழிவுகளில் மரக்கட்டைகளைச் செருகியிருந்தார். குழிந்த சட்டத்தில் பிணம் கிடத்தும் தூக்குப்படுக்கை நிற்காது; உருண்டையான எதுவோ அமர்ந்திருக்க வேண்டும். வால்பக்கம், பெயின்ட் பூசிப்பூசி மூடிப்போன ஒரு பித்தளைக் குழாய்த் துண்டு இருந்தது. அதன் மூடியை மெக்கானிக் ஸ்பேனர் போட்டுத் திருகினார். உள்ளே வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது.

ஒரு சில்லைப் பெயர்த்து வெளியே வந்து தலைவியின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் நகத்தால் சுரண்டினார். முகம் மலர்ந்தது.

"இது எங்க ஹீட்டர்ல ஒட்டிக் கெடக்கிற உப்புல்லா! போர்வெல் தண்ணி விட்டுட்டுப் போறது. நாந்தான் உக்காந்து சொரண்டுதேன். அப்ப இது தண்ணி லாரியா?"

"ஆமாம்மா. பட்டாளத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோன வண்டி. தொட்டி உட்கார்ந்த சட்டந்தான் நீங்கள் பார்த்தது."

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாசலிலிருந்து அவர் மனைவி சிரித்தார். "போன் பண்ணி பண்ணி தண்ணி லாரிக்குக் காத்துகினு கெடந்தோம். அது ஊட்டு வாசல்லயே நின்னுகினு கீது. நீயும் ஒரு மெக்கானிக்கு!"

திருவாதிரையன்று, சாய்ந்த அந்தக் கண்ணாடிக்குத் தலைவி தம் கையாலேயே மாலை சாற்றினார். மெக்கானிக் செருப்பில்லாமல் ஏறி அமர்ந்து முதல் கியரைப் போட்டார். அவர் மனைவி வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் கையையும் பற்றாமல் நடந்தார். கங்கை தங்கிய சடை மெல்ல அசைந்து முன்னே செல்ல, நான் பாடத் தொடங்கினேன். சுடலையாடியைப் போற்றும் அடியைத்தான் முதலில் எடுத்தேன். குரல் தடையின்றி வந்தது.