தறியை நிறுத்தச் சொன்னவள்

பிஎச்.டி. முடித்ததும், கைக்குழந்தைகள் தூங்கும்போது மூளையில் ஓடும் அலைகளைப் பதிவு செய்கிற ஆராய்ச்சியில் சேர்ந்தேன். போஸ்ட் டாக் என்று பேர். காஞ்சிபுரத்தில் என் அம்மாவைக் கேட்டால், "இன்னும் படிச்சிக்கினேதான் இருக்கறா" என்பாள். குழந்தை தூங்கினால் எனக்கு வேலை. முழித்துக்கொண்டால் அன்றைய பொழுது போச்சு.

ஓரிக்கையில் ஒரு நெசவாளர் வீட்டுக்கு நான்கு முறை போக வேண்டியிருந்தது. ஆறு மாதப் பையன். உப்புத் தண்ணீரில் நனைத்த சென்சார் தொப்பியை, தூங்குகிறவன் தலையில் மெல்ல மாட்டுவேன். பிறகு, பக்கத்து அறையில் நெய்துகொண்டிருக்கும் அவன் அப்பாவிடம் தறியை நிறுத்தச் சொல்வேன். சத்தமில்லாமல் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் விதி. தறி நின்ற இரண்டாவது நிமிஷம் பயல் கண்ணைத் திறந்து தொப்பியைப் பிடித்து இழுப்பான். முதல் மூன்று தடவையும் இதே கூத்து. தொப்பியின் ஈரம்தான் காரணம் என்று நானாகவே முடிவு கட்டி, முதல் இரண்டு தடவையும் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன்.

மூன்றாம் தடவை நான் ஒயரைச் சுருட்டும்போது அவன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புருஷன் காதில் விழாதபடி பேசினாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். தட்டு விழுந்தாலும் பிள்ளை திடுக்கிடுவதில்லையாம், கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். புருஷனிடம்கூடச் சொல்லாமல் இரண்டு மாதமாக உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"அக்கா, உன் மிஷின்ல பாத்து சொல்லுக்கா. இவனுக்குக் காது கேக்குதா?"

நான் டாக்டர் இல்லை, இந்த மிஷின் அதற்கானதும் இல்லை என்றேன். அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் என் நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: தறி நின்றது, 11.10. முழித்தான், 11.12. முந்தைய பக்கங்களிலும் அதே கதை. அடி முட்டாளே, இத்தனை படித்து என்ன பிரயோஜனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தறியை ஓட்டச் சொன்னேன். தொப்பி இல்லாமல் அவனைத் தொட்டிலில் போட்டோம். அந்தத் தடதடப்பில் கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனான். நிறுத்தச் சொன்னேன். முழித்தான்.

அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே தூங்குகிறவனுக்கு ஒரு தட்டுச் சத்தம் எம்மாத்திரம்? கேட்கிறது என்று சொல்லிவிட எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் தறியின் அதிர்வு நின்றதால்கூட முழித்திருக்கலாம். நாக்கைக் கடித்துக்கொண்டு, மறுநாளே காது டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அப்போதுதான் அவள் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். பாவம், தறியை விட்டு எழுந்து வந்தவர் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. டெஸ்ட் முடிந்து அவள் போன் செய்தாள். இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்குள் அழுதுவிட்டாள். நான் லேப் வராந்தாவில் நின்று அழுதேன்.

நான்காம் தடவை போனேன். தொப்பியை மாட்டியதும், பழக்க தோஷத்தில் அவள் புருஷன் தறியை நிறுத்தப் போனார். அவள் தொட்டில் பக்கத்திலிருந்தே தடுத்தாள்.

"நிறுத்தாதீங்க. புள்ள கேட்டுக்கினு இருக்கறான்."

அன்றைய பதிவு ஆராய்ச்சிக்கு உதவாது என்று எனக்குத் தெரியும். அவன் தானாக முழிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.