பல்பில் போட்டுப் பார்க்காத பெட்டி

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாமான்களில் பவர் சப்ளையை மட்டும் யாரும் மதிப்பதில்லை. ஒரு தகரப் பெட்டி, பின்னால் ஒரு விசிறி, கொத்தாகக் கொஞ்சம் கம்பி. அது பாட்டுக்கு மூலையில் கிடந்து மற்ற எல்லாவற்றுக்கும் சோறு போடும். செத்த பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும். அந்தப் பெட்டிகளோடு கல்கத்தாவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் மாரடித்தேன். இப்போது நினைத்தாலும் முதலில் முதுகுதான் வலிக்கிறது.

திருச்சியில் பாலிடெக்னிக் படித்து எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா வாங்கினவள் நான். தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி, கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த கணவரோடு பெஹாலாவில் ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்தேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சாந்தினி மார்க்கெட்டில் ஒரு கடைக்காரரைப் பிடித்து, செத்த பெட்டிகளை வீட்டுக்கு வாங்கி வந்து பழுது பார்க்க ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஒரு மூட்டை. சனிக்கிழமைதோறும் கணவர் மினிபஸ்ஸில் சுமந்து வருவார், முணுமுணுத்துக்கொண்டே. பெட்டியைத் திறந்தால் தூசி, கரப்பான் கால், ஒரு தடவை முழுசாகக் காய்ந்த ஒரு பல்லி. அந்த ஊர் ஈரத்தில் எல்லாமே சீக்கிரம் பச்சை பூத்துவிடும். உப்பிப்போன கப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் பெரிதாகப் போடுவேன், டயோடு மாற்றுவேன், விசிறி மாற்றுவேன். முந்நூறு வாட் பெட்டி கொஞ்சம் பலமாகி வெளியே போகும். கடைக்காரர் அதன்மேல் நானூறு என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். சண்டை போட்டால், ஸ்டிக்கர் கரண்டா குடிக்கப்போகிறது திதி என்று சிரிப்பார், திதி என்றால் அக்கா. இப்படிப்பட்ட ஆளிடம் போய் நியாயம் பேசி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

எனக்கென்று ஒரே ஒரு கறார் இருந்தது. ஈயம் வைத்து முடித்த பெட்டியை உடனே யார் கம்ப்யூட்டரிலும் மாட்டமாட்டேன். முதலில் ஒரு ஸ்கூட்டர் ஹெட்லைட் பல்பை அதன் மஞ்சள் கம்பியில் மாட்டி அரை மணி நேரம் எரியவிடுவேன். பிறகு மீட்டர் வைத்துப் பார்ப்பேன். மஞ்சளில் பன்னிரண்டு வோல்ட், சிவப்பில் ஐந்து. அதற்கு மேல் ஏறினால் அந்தப் பெட்டி எமன். மாட்டிய கம்ப்யூட்டரைத் தின்றுவிடும். பார்த்து முடித்ததை ஜன்னல் பக்கம் வைப்பேன், பார்க்காததைக் கட்டிலுக்கடியில். அதுவரை ஐந்தாறு வருஷத்தில் நான் கொடுத்த ஒரு பெட்டிகூட யார் மெஷினையும் கொன்றதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

வீட்டுக்காரர்கள் கீழே இருந்தார்கள். அந்த அம்மாவை நான் பௌதி என்று கூப்பிடுவேன், அண்ணி என்று அர்த்தம். அவர்கள் பெண் என்னைக் காக்கிமா என்பாள், சித்தி. ஜாதவ்பூரில் பி.எச்டி. செய்துகொண்டிருந்தாள். சணல் ஆலைகளில் வேலை செய்த பெண்களைப் பற்றி ஆராய்ச்சி. நதிக்கரையில் மூடிக்கிடக்கும் ஆலைகளின் குடியிருப்புகளுக்குப் போய், பல்லுப் போன கிழவிகளைப் பேசவைத்து டேப்ரெக்கார்டரில் பிடித்து வருவாள். பேசினதைக் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டு, அதே கேசட்டில் அடுத்த கிழவியைப் பதிவு செய்வாள். சிக்கனம். ஒருமுறை கால அவகாசம் நீட்டி வாங்கியாயிற்று, அந்த ஜூன் மாசக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுத்தால் ஒரு கல்லூரியில் வேலை தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். எல்லாம் அந்த ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. ஃப்ளாப்பியில் எடுத்து வைத்ததெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது.

இரண்டாயிரம் பிறந்த புதிது அது. எங்கள் தெருவில் கோடை வந்தால் வோல்டேஜ் என்பதே கிடையாது. சாயங்காலம் மின்விசிறி நடக்க முடியாத கிழவன் மாதிரி சுற்றும். டியூப் லைட் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். அவள் கம்ப்யூட்டர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானே அணைந்து எழும். பாதிப் பக்கம் போய்விட்டது காக்கிமா என்று மாடிக்கு ஓடி வருவாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கீழே போனேன். அந்தக் காலத்துப் பெட்டிகளின் முதுகில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்விட்ச் உண்டு. ஒரு பக்கம் இருநூற்று முப்பது, நம் ஊருக்கு. மறுபக்கம் நூற்றுப் பதினைந்து, அமெரிக்காவுக்கு. அதை அந்த அமெரிக்கப் பக்கம் தள்ளினால், வருகிற வோல்டேஜை உள்ளே இரண்டு மடங்காக்கிக்கொள்ளும். எங்கள் தெருவில் வந்ததோ நூற்றைம்பது. அமெரிக்கப் பக்கம் தள்ளிவிட்டேன். கம்ப்யூட்டர் ஜம்மென்று நின்றது.

வோல்டேஜ் ஏறினால் வெடித்துவிடும், சாயங்காலம் தள்ளி, படுக்கப் போகும்போது திருப்பிவிடு என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஒரு வாரம் திருப்பினாள். அப்புறம் பகலிலும் வோல்டேஜ் இல்லாததால் விட்டுவிட்டாள். அது எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டும் சும்மா இருந்தேன்.

புது டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று தெருக் கிளப்பில் ஒரு வருஷமாகக் கையெழுத்து வாங்கினார்கள், ஊர்வலம் போனார்கள். ஜூன் முதல் வாரத்தில் ஒரு வழியாக லாரியில் வந்து இறங்கியது. பகல் முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டு மாட்டினார்கள். கிளப்பிலிருந்து வீட்டுக்கு வீடு ரசகுல்லா வந்தது. நானும் வாயில் போட்டுக்கொண்டேன். இனிமேல் நல்ல கரண்டு வரும் என்று பௌதியிடம் சிரித்துப் பேசவும் செய்தேன். அந்தச் சிவப்பு ஸ்விட்ச் மட்டும் என் மண்டையில் உறைக்கவே இல்லை. டிப்ளமாவாம், மண்ணாங்கட்டி.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் கரண்டு வந்தது. தெருவெல்லாம் விளக்கு பளிச்சென்று எரிந்தது, ஜனங்கள் கை தட்டினார்கள். ஐந்து நிமிஷத்தில் கீழ்வீட்டிலிருந்து டமால் என்று சத்தம்.

ஓடினேன். அறையெல்லாம் புகை. அந்தப் பெண் மேசைக்கு எதிரே நின்று அழுதுகொண்டிருந்தாள். என் ஆராய்ச்சி போச்சு காக்கிமா, என் கிழவிகள் எல்லாம் போச்சு என்றாள். எனக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரியும். அந்த ஸ்விட்ச்சால் வெடிப்பது பெட்டிக்குள் முன்வாசலோடு நின்றுவிடும், ஹார்டு டிஸ்க் வரைக்கும் போகாது. இதே மாதிரி வெடித்த எத்தனையோ பெட்டியைப் பார்த்திருக்கிறேன். அழாதே, டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, வேறு பெட்டி மாட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினேன்.

ஜன்னல் பக்கம் காலி. பார்த்து முடித்ததெல்லாம் முந்தின நாள்தான் கடைக்குப் போயிருந்தது. கட்டிலுக்கடியில் ஒரே ஒரு பெட்டி. காலையில் கரண்டு நிற்பதற்கு முன்னால் அவசரமாக ஈயம் வைத்தது. பல்பில் போடவில்லை, மீட்டர் வைக்கவில்லை. பல்புக்கு அரை மணி வேண்டும், சரி. மீட்டருக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இல்லாமல் போயிற்று. ஸ்விட்ச்சைத் தள்ளியது யார் என்று யாரும் கேட்பதற்குள் அந்தத் திரையில் எழுத்தைக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

கீழே கொண்டுபோய் மாட்டினேன். பௌதி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்விட்ச்சைப் போட்டேன். விசிறி சுற்றியது, ஆனால் வழக்கத்தைவிட வேகமாக, கீச்சென்ற குரலில். பன்னிரண்டு வோல்ட்டில் அந்த விசிறி அப்படிக் கத்தாது. அந்தச் சத்தத்தை என் காது கேட்டது. புதுக் கரண்டு, அதனால்தான் என்று இரண்டு விநாடி நினைத்தேன். அந்த இரண்டு விநாடிதான். டிஸ்க்கிலிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை. பிளக்கைப் பிடுங்கினேன்.

மாடிக்கு வந்து மீட்டர் வைத்தேன். மஞ்சளில் பதினெட்டைத் தாண்டிக் காட்டியது. வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டரின் கால் ஈயத்தில் பிடிக்காமல் ஆடிக்கொண்டிருந்தது. நான் வைத்த ஈயம். தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

கீழே பௌதி டிரான்ஸ்ஃபார்மரைச் சபித்துக்கொண்டிருந்தார். பாவிகள், ஒரேயடியாக டபுள் கரண்டு விட்டுவிட்டார்கள் என்றார். டிஸ்க்கும் முதல் வெடிப்பிலேயே போயிருக்கும் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். கிளப்பிலிருந்து நாலு பேர் மின்சார ஆபீஸுக்குச் சண்டைக்குக் கிளம்பினார்கள். மாடியிலிருந்து எல்லாம் என் காதில் விழுந்தது. இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும் அவரிடம் சொன்னேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். “விடு. யாருக்குத் தெரியப் போவுது? அவங்க வீட்டுலதான் குடியிருக்கோம், ஞாபகம் வச்சுக்க” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன். ஆனால் அவர் சொன்னபடிதான் செய்தேன். அவர்மேல் கோபப்பட்டது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மூன்று நாள் சாந்தினியில் அலைந்து அதே மாதிரி டிஸ்க் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதன் போர்டைக் கழற்றி இதில் மாட்டிப் பார்த்தேன். மோட்டார் சுற்றியது, உள்ளே படிக்கும் முனை செத்திருந்தது. கதவைத் தட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை. மாசக் கடைசி வந்தது, பல்கலைக்கழகத்தில் அவள் பதிவு காலாவதியாகிவிட்டது. கல்லூரி வேலைக்கு வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள்.

அவள் திரும்பப் பதிவு செய்துகொண்டு திரும்ப ஆலைக் குடியிருப்புகளுக்குப் போனாள். இரண்டு கிழவிகள் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். ஒருத்திக்கு நினைவு தப்பிவிட்டது, யாரைப் பற்றிக் கேட்டாலும் செத்துப்போன தன் மாட்டைப் பற்றியே சொன்னாளாம். சாயங்காலம் வந்து இதையெல்லாம் என்னிடம்தான் சொல்வாள். நான் டீ போட்டுக் கொடுப்பேன். அவள் கையெழுத்துப் பக்கங்களை மத்தியானங்களில் நான் உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்தேன். இங்கிலீஷ் எனக்குத் தத்தக்கா பித்தக்கா, தப்பும் தவறுமாக அடித்து மறுபடி அடிப்பேன். கண் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும். வலித்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அவளுடைய புதுக் கம்ப்யூட்டருக்கு நானே பெட்டி தேர்ந்தெடுத்து ஒரு நாள் முழுக்கப் பல்பில் போட்டேன். காக்கிமா மட்டும் இல்லையென்றால் என் பெண் பாதியில் விட்டிருப்பாள் என்று பௌதி வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். நாளைக்குச் சொல்லிவிடலாம், அவள் அலைச்சல் முடியட்டும், பூஜை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். தள்ளத் தள்ள அது கனத்துக்கொண்டே போனது.

இரண்டு வருஷம் கழித்து ஆய்வேடு முடிந்தது. கறுப்பு அட்டை போட்டுத் தங்க எழுத்தில் பைண்டு செய்த பிரதி ஒன்றை அவள் மாடிக்குக் கொண்டு வந்தாள். அதைக் கொடுத்துவிட்டு என் காலைத் தொட்டு வணங்கினாள். நன்றி சொல்லும் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பேராசிரியர்களுக்கு அடுத்தபடியாக, அம்மாவுக்கும் முன்னால், என் பெயர். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் என் உழைப்பையெல்லாம் அழித்தபோது கூட இருந்து தூக்கி நிறுத்தியவர் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வங்க மொழியில்தான் பேசினோம். “டிரான்ஸ்ஃபார்மர் இல்லம்மா. வெடிச்சப்போ டிஸ்க் நல்லாத்தான் இருந்துது. நான் மாட்டின பெட்டிதான் அதைக் கொன்னுது. டெஸ்ட் பண்ணாம மாட்டினேன்” என்றேன்.

அவள் கத்தவில்லை. உங்களுக்கு என்றைக்குத் தெரிந்தது என்று கேட்டாள். அன்றைக்கே என்றேன். கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

“அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பேன், காக்கிமா. உங்களைத் திட்டியிருப்பேன். மூணாவது நாள் உங்க கையால டீ குடிச்சிருப்பேன். இப்ப இந்த ரெண்டு வருஷமா நீங்க எனக்குச் செஞ்சதையெல்லாம் நான் என்னன்னு எடுத்துக்கிறது?”

அவள் எழுந்து, என் மடியில் இருந்த பிரதியைத் தானே எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் பல்கலைக்கழகத்தில் கொடுத்த பிரதிகள் நூலகத்துக்கு ஏற்கெனவே போய்விட்டன. அவற்றில் என் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது.