மொட்டை போட்ட ஆல்ரவுண்டர்

இன்றைக்குக் கிரிக்கெட்தான் என் உத்தியோகம். மட்டையும் பிடிப்பேன், சுழற்பந்தும் வீசுவேன், இரண்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளம். பேட்டிக்கு வருகிறவர்கள் என் பாதையில் வந்த பெரிய தடை எது என்று கேட்பார்கள். உண்மையான பதில் அம்மாவின் பக்தி. அதைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.

சில வருஷத்துக்கு முன்பு மாநிலப் பெண்கள் அணிக்கான முதல் பட்டியலில் என் பெயர் வந்திருந்தது. முப்பது பேர். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு போட்டி வைத்து அதிலிருந்து பதினைந்து பேரை எடுப்பார்கள். அதாவது இன்னும் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் கடலூரில் எங்கள் தெரு முழுக்க அம்மா கேசரி கொடுத்து முடித்திருந்தாள். பிறகுதான் மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். லிஸ்ட்டில் பெயர் வந்தால் திருவந்திபுரத்தில் மொட்டை போடுவதாகப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாளாம். என் தலைக்கு.

"வேண்டிக்கிட்டது நீ. முடி மட்டும் என்னுதா?"

"கிரிக்கெட் ஆடறது யாரு? நானா?"

போட்டி முடியட்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"நாள் கடத்தி, அவுரு கோச்சிக்கிட்டா அப்புறம் நானா வந்து பந்து போடுவேன்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, இடுப்புவரை இருந்த என் பின்னல் போனது. தலை நிறையச் சந்தனம் பூசி, லட்சணமாக இருக்கிறேன் என்று வேறு சொன்னாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

சிதம்பரத்தில் ஹெல்மெட்டை மாட்டியபோதுதான் உறைத்தது. அது அடர்ந்த முடியோடு சேர்த்து அளவு பார்த்து வாங்கியது. நான் வலப்பக்கம் திரும்பினால் ஹெல்மெட் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டையை எவ்வளவு இறுக்கியும் பிரயோஜனமில்லை. போதாக்குறைக்கு, வெயிலுக்குக் குளிர்ச்சி என்று அம்மா காலையில் மறுபடியும் சந்தனம் அப்பியிருந்தாள்.

நாலு ரன் எடுத்திருந்தேன். எகிறி வந்த ஒரு பந்தை முழுதாகச் சுற்றி அடித்தேன். நான் நின்றுவிட்டேன், ஹெல்மெட் நிற்கவில்லை. வியர்வையிலும் சந்தனத்திலும் வழுக்கிக் கழன்று ஸ்டம்பின் மேல் போய் விழுந்தது. அப்படி விழுந்தாலும் அவுட்தான், சட்டம் அது. எதிரணி அவுட் கேட்கவே கொஞ்ச நேரம் ஆனது. அவ்வளவு சிரிப்பு.

"பந்தே படலையே, அது எப்பிடி அவுட்டு?" என்று எல்லைக்கோட்டிலிருந்து அம்மா அம்பயரிடம் கத்தினாள். நான் திரும்பி வந்ததும் என் பக்கம் பாய்ந்தாள். "தலைய ஆட்டாம ஆடத் தெரியாதா?"

"ஹெல்மெட் லூசும்மா. முடி இல்லல்ல?"

"முடிக்கும் ஹெல்மெட்டுக்கும் என்னாடி சம்மந்தம்?"

"இனிமே என் ஆட்டத்துக்கு வராத" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு ஆத்திரம். பதினைந்தில் என் பெயர் இல்லை என்றே முடிவு கட்டியிருந்தேன். அவள் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

பந்து வீச ஹெல்மெட் வேண்டாம். ஆனால் நான் ஓடி வந்ததும், தலை மின்னிக் கண்ணைக் கூசுகிறது என்று பேட்டிங் பிடித்தவள் புகார் செய்தாள். அம்பயர் தொப்பி போடச் சொன்னார். தொப்பியும் காதுவரை இறங்கியது. அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரித்தவள்தான் முதலில் போல்டு ஆனாள். மொத்தம் நாலு விக்கெட். சாயங்காலம் வாசித்த பட்டியலில் பதினைந்தாவது பெயர் என்னுடையது.

இரண்டு நாள் கழித்துப் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். முடி இல்லை, சந்தனம் இருந்தது. மைதானத்தில் அவள் வேண்டிக்கொண்டது தன் தலைக்கு. என்னிடம் சொல்லாமல் தனியாகத் திருவந்திபுரம் போய் வந்திருக்கிறாள்.

நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை. என் ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, பட்டையை இறுக்கி, தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டினாள். முன்கம்பி காதுப் பக்கம் போய் நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்தினாள்.

"ஆமாண்டி" என்றாள் உள்ளேயிருந்து. "சுத்துது."