தோப்பு வழி

இன்று மந்தாரக்குப்பம் சந்தையில் முந்திரிப் பழக் கூடையைத் தாண்டியபோது, அந்தப் புளித்த வாசனையில், எப்போதோ நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்விட்ட எங்கள் ஊரின் தோப்பு வழி நினைவுக்கு வந்தது. காலடியில் சருகு நொறுங்க அம்மா முதல் ஷிஃப்டுக்கும், அவள் பின்னாலேயே நான் பள்ளிக்கூடத்துக்கும் போன வழி அது. சுடுகாட்டுக்கும் அதுதான் வழி. ஊர்ப் பொது நிலம். தோப்புக்காரர் அதை வளைத்து வேலி போட்டார். பதிலுக்கு ஏரியோரம் ஒரு துண்டு நிலம் தருவதாகச் சொன்னதும் பஞ்சாயத்தும் தலையாட்டிவிட்டது. அம்மா தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வழக்குப் போட்டாள்.

இடத்தைப் பார்க்க, ஓர் ஐப்பசியில், நீதிமன்றம் அனுப்பிய வக்கீல் வந்தார். ஏரியோர நிலத்தைப் பார்த்து, "அகலமாத்தானே இருக்கு?" என்றார்.

"இருக்குதுங்க. ஒருவாட்டி நடந்து பாத்துட்டு எழுதுங்க," என்றாள் அம்மா.

பத்தடி போவதற்குள் முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டார். அம்மாதான் கைகொடுத்து இழுத்தாள்.

"இதுல பொணத்த எப்படிங்க தூக்கிகினு போறது?" என்று மட்டும் கேட்டாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

நிலமாற்றம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வேலிக் கற்களைத் தோப்புக்காரரின் ஆட்களே பிடுங்கினார்கள். அன்று அம்மாவுக்கு ஷிஃப்ட் கிடையாது. இருந்தும் தெருப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு அந்த வழியில் இரண்டு தடவை போய் வந்தாள்.