வறுத்த அரிசிக்குள் ஒரு லென்ஸ்

மருமகன் வாங்கிவந்த புதுக் கேமராப் பெட்டிக்குள் ஒரு குட்டிப் பொட்டலம் இருந்தது. ஈரத்தை உறிஞ்சுமாம். தின்னக் கூடாது என்று அதன்மேல் அச்சடித்திருந்தார்கள். சிரித்துவிட்டேன். நாங்கள் தின்றிருக்கிறோம் ஐயா, அதாவது, குடித்திருக்கிறோம்.

யுத்த காலம். அரியலூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் எனக்கு வேலை. ஐப்பசி பிறந்தால் லென்ஸில் பனி படியும். விட்டால் பூசணம் பூக்கும். அதற்கு முதலாளி கண்டுபிடித்த விஞ்ஞானம், வறுத்த அரிசியைத் தகர டப்பாவில் கொட்டி, துணியில் சுற்றிய லென்ஸை அதற்குள் புதைத்துவைப்பது. ஊரே அரிசிக்கு வரிசையில் நின்றபோது எங்கள் லென்ஸ் மட்டும் நாழி அரிசியில் படுத்திருந்தது. வறுப்பது என் இலாகா. எஸ்.எஸ்.எல்.சி. படிப்பு வீண்போகவில்லை, ஒருநாளும் கருகவிட்டதில்லை. அந்த வாசனைக்குத் தெருவில் போகிறவர்கள் நின்று, உள்ளே யாருக்குக் காய்ச்சல், கஞ்சிக்கா வறுக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள்.

அப்படியொரு ஐப்பசியில் கல்லங்குறிச்சியிலிருந்து ஓர் அம்மாள் ஆளனுப்பினார். ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து, சாயங்கால ரயிலுக்குக் கிளம்புகிறான். அதற்குள் வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு படம் வேண்டும். அதுவரை அவனைப் படமே எடுத்ததில்லை. தூறலில் போய் இறங்கினோம். முதலாளி டப்பாவை நீட்டி, "இத அடுப்படியில வைங்கம்மா, ஈரம் ஆவாது" என்றார். பிறகு, தன் லென்ஸில் பனியே பிடிக்காது என்று வாசலில் கூடியவர்களுக்குப் பிரசங்கம் செய்யப் போய்விட்டார்.

மழை விட்டதும் அந்த அம்மாள் சொம்போடு வந்தார். "வறுத்த அரிசிய கையோட கொண்டாந்திருக்கீங்களே, வவுத்துக்கு முடியலீங்களா? கஞ்சி வச்சிருக்கேன், குடிங்க. உள்ளார இருந்த கண்ணாடிய பத்திரமா அடுப்புக்கு மேல மாடத்துல வச்சிருக்கேன்."

கஞ்சியின் ஆவி முழுவதையும் லென்ஸ் குடித்திருந்தது. மிச்சத்தை நாங்கள் குடித்தோம். முதலாளி வேட்டி முனையால் துடைத்தார். வெளிப்பனி போயிற்று, லென்ஸுக்குள் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நின்ற பனி போகவில்லை. கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். அந்தக் கேமராவில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"உள்ளார பனி நிக்குதுங்க. செத்த நேரம் காயட்டுங்க."

"என் லென்ஸ்லயா? ஒன் கண்ணுல இருக்கும், தொடச்சிக்க."

துடைத்துக்கொண்டேன். வேலை முக்கியம் அல்லவா? படத்தில் வெள்ளைப் புகையும் அதற்குள் ஒரு மீசையும் விழுந்திருந்தன. "சினிமாவுல இப்பல்லாம் இப்படித்தாம்மா எடுக்கறாங்க" என்று முதலாளி அதைக் கொடுத்தனுப்பினார்.

மகன் பர்மாவிலிருந்து திரும்பவில்லை. தகவல் வந்த பிறகு அந்த அம்மாள் படத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். தலை தெரிந்ததுமே முதலாளிக்குப் பின்கட்டில் அவசர வேலை வந்துவிட்டது.

"படத்த கழுவித்தான் எடுப்பீங்களாமே தம்பி. இன்னொருக்கா நல்லா கழுவிக் குடுங்க. மூஞ்சி தெரியுதான்னு பாப்போம்."

உண்மையைச் சொன்னால் கஞ்சியைச் சொல்ல வேண்டும். தட்டில் தண்ணீர் ஊற்றி, அவர் எதிரிலேயே கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன். வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது சிமென்ட் மூட்டை விற்கிறார்கள். முதலாளியும் போனார், அந்த அம்மாளும் போனார். அந்தப் பையனின் முகத்தை நேரில் பார்த்தவர்களில் மிச்சம் நான்தான் என்று நினைக்கிறேன். எனக்கு நினைவிருப்பதோ கறுப்புத் துணிக்குள் பார்த்தது மட்டும்: தலைகீழாக, பனிக்குள்.