கணக்கில் வராத நூல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதனால்தான் நர்ஸான என்னை வார்டிலிருந்து ஒப்பரேஷன் தியேட்டருக்கு மாற்றினார்கள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு இருந்தது. மயக்கத்தில் கிடக்கிற நோயாளியோடு சண்டை பிடிக்க முடியாதல்லவா. காரணம் எதுவோ, எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்ச காலத்தில் எங்கள் மலைநாட்டு ஆஸ்பத்திரிக்கும் துளை ஒப்பரேஷன் வந்தது. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. நாலு சின்னத் துளை போட்டு, ஒன்றில் கமராவை விட்டு, மற்றவற்றில் குடைக்கம்பி மாதிரி நீளமான ஆயுதங்களை விட்டு, டிவியைப் பார்த்தபடி வேலையை முடித்துவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை ஆயுதங்களுக்கும் ஒரே கறுப்புப் பிடி. நுனி மட்டும்தான் வேறு வேறு. அந்த நுனியும் அரிசி அளவுதான். டொக்டர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் கையை நீட்டுவார். கேட்டதை நான் அந்தக் கையில் வைக்க வேண்டும்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் வாரமே கத்தரி கேட்டவருக்கு இடுக்கியைக் கொடுத்தேன்.

"பிள்ளை, நான் கத்தரியெல்லோ கேட்டனான். இதாலை என்ன, கிள்ளி விளையாடுறதோ?"

எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கத்தரிக்குச் சிவப்பு, இடுக்கிக்கு நீலம், கிளிப் போடுகிற ஆயுதத்துக்கு மஞ்சள் என்று பிடிகளில் கலர் டேப் சுற்றி வைத்தேன். திங்கட்கிழமை தலை நிமிர்ந்து நின்றேன். கமரா உள்ளே போனதும் டொக்டர், "லைட்டை நிப்பாட்டுங்கோ" என்றார். டிவி தெளிவாகத் தெரிய வேண்டுமே. விளக்கு அணைந்ததும் சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒரே கறுப்பாகிவிட்டன. தியேட்டரில் எடுபிடி வேலை செய்த உடப்புசல்லாவை ஊர் அண்ணன் என் காதருகே வந்து, "நல்லா சோடிச்சிருக்கீங்க மிஸ். பாக்கத்தான் முடியல" என்றார். அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

வழி எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்தே வந்தது. மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது பெண்கள் தங்கள் சாக்கின் வாயை ஆளுக்கொரு விதமாகத்தான் முடிவார்கள். மழையிலும் மூட்டத்திலும் குவியலுக்குள் கையை விட்டால் அவரவர் முடிச்சு அவரவர் விரலுக்குத் தெரியும். நான் பட்டு நூலில் முடிச்சுப் போட்டேன். இடுக்கிக்கு ஒன்று, கத்தரிக்கு இரண்டு, கிளிப்புக்கு மூன்று. பிடியில் கட்டி, ஆயுதங்களோடு சேர்த்தே கிருமி போக அவித்து எடுத்தேன். அதன்பிறகு இருட்டில் ஒரு தப்பும் நடக்கவில்லை. டொக்டர் வாயைத் திறந்து பாராட்டவில்லை, ஆனால் திட்டுவதை நிறுத்தினார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

அப்படியிருந்த ஒரு நாள் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற அக்கா ஒருவர் பித்தப்பைக் கல்லோடு வந்தார். மயக்க மருந்துக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எப்ப மிஸ்ஸி திரும்ப வேலைக்குப் போகலாம்?" துளையோடு முடிந்தால் இரண்டு கிழமை, வயிற்றை வெட்ட வேண்டி வந்தால் இரண்டு மாதம் என்றேன். "வெட்ட விட்றாதீங்க. வீட்டுல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன்" என்றார்.

பித்தப்பை அழகாக வெளியே வந்தது. துணிகளை எண்ணினோம், ஊசிகளை எண்ணினோம், ஆயுதங்களை எண்ணினோம். எல்லாம் சரி. டொக்டர் துளைகளைத் தைக்க ஊசியைக் கையில் எடுத்தார். அப்போதுதான் என் விரல் கிளிப் ஆயுதத்தின் பிடியில் பட்டது. வழவழவென்று இருந்தது. நூல் இல்லை.

யாருக்கும் தெரியாது. எண்ணுகிற பட்டியலில் நூலே கிடையாது. ஊருக்கு முன்னால் கெட்டிக்காரி மாதிரி முடிச்சைக் கட்டிய நான் அதைப் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தேன். பிடி வெளியேதானே இருந்தது, நூல் எப்படி உள்ளே போகும் என்று மனம் சமாதானம் சொன்னது. ஈர நூல் எந்தக் கம்பியிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும் என்பதும் அதே மனத்துக்குத் தெரியும்.

"டொக்டர், தைக்காதீங்க. ஒரு நூலக் காணோம்."

"என்ன நூல்?"

"நான் பிடியில கட்டினது."

"எண்ணிக்கையிலை இருந்ததோ?"

"இல்ல டொக்டர்."

"எக்ஸ்ரேயிலை தெரியுமோ?"

"தெரியாது."

முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் என்னையே பார்த்தன. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கமராவைத் தாரும்" என்றார். டிவியில் ஈரலின் மேலும் கீழும், குடல் மடிப்புகளிலும் தேடினோம். இல்லை. மறுபடியும் தேடினோம். "கிடையாட்டி வெட்டித்தான் பாக்க வேணும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாது. அந்த அக்காவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கீழே குனிந்து எல்லாருடைய செருப்பையும் புரட்டிக்கொண்டிருந்த உடப்புசல்லாவை அண்ணன் நிமிர்ந்தார். "மிஸ், நடுவுல கையுறை மாத்தினீங்களே?"

மாற்றினேன். ஆட்காட்டி விரலில் கிழிந்திருந்தது. அவர் குப்பை வாளியைத் துணி மேல் கவிழ்த்தார். கழற்றும்போது கையுறை உள்பக்கம் வெளியே வந்துவிடும் அல்லவா, அவர் அதைப் பொறுமையாகத் திருப்பினார். கிழிசலில் சிக்கிக்கொண்டு கிடந்தது நூல். சரியான ஆயுதம்தானா என்ற சந்தேகத்தில் முடிச்சை ஓயாமல் தடவித் தடவி நானே அதைக் கழற்றியிருக்கிறேன்.

"மூணு முடிச்சும் இருக்கு. ஆயுதத்துக்குக் கட்டினத நீங்களே கட்டிக்கிட்டீங்க" என்றார் அண்ணன். முதலில் சிரித்தது டொக்டர்தான். எனக்கு அண்ணனின் காலில் விழலாம் போல இருந்தது. தைத்து முடித்ததும் டொக்டர் பட்டியலை வாங்கி, கடைசியில் 'நூல் - 3' என்று அவர் கையாலேயே எழுதினார்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். அக்கா சாய்ந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மறைக்க மனமில்லாமல் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்றார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே அக்கா."

அவர் ஒரு கையை விரித்து நீட்டினார். "சரி, மத்ததெல்லாம் எண்ணினீங்கல்ல? எனக்கும் ஒருக்கா எண்ணிக் காட்டுங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துணி, ஊசி, கத்தரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒன்றும் விடாமல் விரல் மடக்கிக்கொண்டே வந்தார்.